நாற்பத்திரண்டாம் எண்

அறுபத்தொன்பதில்,
ஆடிக்கடல் கரையைத் தின்றுகொண்டிருந்த நாட்களில்
சின்னவிளைக்கு ஜீப் வந்தது.
பெட்டி நிறைய லாக்கெட்.
பித்தளை, பொத்தான் அளவு, முதுகில் எண்.
ஆறு மாசம் கழுத்தில் கிடக்கணும்.
திறக்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது.
திருப்பிக் கொடுக்கும்போது ஐந்து ரூபாய்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் அந்தக் கரையில் நான் ஒருத்தி.
பேரேடு என் கைக்கு வந்தது.
நாள்கூலி இரண்டரை ரூபாய்.
இங்கே பார்ப்பது எதையும் வெளியே சொல்வதில்லை என்று
முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து.
பார்ப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது,
மணலும் சாளையும் தவிர?

பெண்கள் அதை உத்தரியத்தோடு கோத்துக்கொண்டார்கள்.
கடவத்தைத் தலைக்கு ஏற்றும்போது
தாலியில் இடித்து டிக்கென்றது.
பர்னபாசின் பெண்டாட்டி அடகுக்குக் கொண்டுபோய்
கடைக்காரனிடம் ஏச்சு வாங்கித் திரும்பினாள்.
வியாகுலம் மட்டும்,
"எனக்கு வேண்டாம் பிள்ளே, கழுத்து அரிக்கு" என்று
குருசடி மாதாவுக்குப் போட்டுவிட்டாள்.

கட்டம் எதுவும் காலியாக இருக்கக் கூடாது, அது உத்தரவு.
எழுதினேன்:
எண் 42. மரியம்மை. கணவன் சூசை, தச்சு வேலை.
பிள்ளை ஒன்று. ஆண். இறப்பு.

தையில் வந்து வாங்கிப் போனார்கள்.
பங்குனியில் ஜீப் இரண்டாக வந்தது.
"நாற்பத்திரண்டு யார்?"
அந்த அதிகாரிக்கு வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.
"ஊரில் இல்லை சார்."
"ராத்திரி பகல் ஒரே இடத்தில் இருந்திருக்கிறாள். படுக்கையா?"
"இல்லை சார், நிற்பாள். நின்றுகொண்டே இருப்பாள்."
"பிள்ளை எதில் செத்தது?"
பென்சில் தாளைத் தொட்டுக் காத்திருந்தது.
"முப்பத்துமூன்று வயசு சார்" என்றேன்.
அதற்குமேல் சிரிப்பு தாங்கவில்லை.
குருசடிக்குக் கூட்டிப்போனேன்.

அவர் சிரிக்கவில்லை.
தோளில் தொங்கிய பெட்டியைத் திருகினார்.
மாதாவின் காலடியில்
திருவிழாவுக்குத் திருவிழா ஊரார் அள்ளி நிரப்பும் கருமணல்.
வறசட்டிப் பயறாய்ப் பொரிந்தது பெட்டி.
பிடித்தபடியே நடந்தார்,
பத்தடி, இருபதடி,
வியாகுலத்தின் வாசல்வரை.
அவள் வீட்டுத் தரையும் அதே மணல்தான்,
பிள்ளைக்கு மெத்தென்றிருக்க
ஒவ்வொரு மழைக்குப் பின்னும் புதுசாய்ப் பரப்புவாள்.
பிள்ளை குப்புறக் கிடந்து
ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தது.

சத்தம் குறையவில்லை.
அவர் பெட்டியை நிறுத்தினார்,
அழும் பிள்ளையின் வாயைப் பொத்துவது போல.

ஏதோ ஓர் எண்ணை எழுதி உள்ளங்கையால் மறைத்தார்.
மை காய்ந்திருக்காது.
ரயிலேறும்வரை அந்தக் கையை
அவர் கழுவினாரோ என்னவோ.
என் பேரேட்டையும் வாங்கிக்கொண்டார்.
என் எண் பதினேழு.
அதைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே குருசடிக்கு சிமென்ட் வந்து இறங்கியது.
பழைய மணலைச் சாக்கில் தைத்து
ராத்திரியோடு லாரியில் ஏற்றினார்கள்.
மொசைக் தரை, கம்பிக் கதவு, நீலச் சாயம்.
சர்க்காருக்கும் விசுவாசம் வந்துட்டு என்று ஊர் பூரித்தது.
பங்குச்சாமி நன்றிப் பூசை வைத்தார்.
முதல் மெழுகுதிரியை வியாகுலம் கொளுத்தினாள்,
இடுப்பில் பிள்ளை.
"எல்லாம் எனக்க லாக்கெட்டுக்க புண்ணியம், பாத்தியா?"
கையெழுத்துப் போட்டவள் நான்.
"ஆமாக்கா" என்றேன்.

அந்த ஐந்து ரூபாய் அவளுக்குக் கிடைக்கவில்லை.
அணிந்தவரே நேரில் வந்து பெற வேண்டுமாம்.

அடுத்த மழை ஓய்ந்ததும்
கடவத்தோடு கடலோரம் போனாள், தரைக்கு மணல் அள்ள.
ஈரமணல், நல்ல கனம்.
ஒரு கை பிடி பிள்ளே என்றாள்.

பிடித்துத் தூக்கிவிட்டேன்.